கூப்பிடக் கூடாதவன்

1

இந்தக் கதை ஒரு உடன்படிக்கையிலிருந்து பிறந்தது. அதை எழுதியதும் நான்தான். எழுதும்போது வெகு கெட்டிக்காரத்தனமாக இருந்தது. இப்போது அதை அடித்துவிடத் தோன்றுகிறது.

தென்காசி, 1936. உச்சிமாகாளிக்கு ஒரு பஸ், சங்கிலிப்பாண்டிக்கு ஒரு பஸ். சங்கிலிப்பாண்டி தன்னுடையதை உச்சிமாகாளிக்கு விற்க நினைத்தார். வண்டியைத் திறந்து காட்டுமுன் அவனிடம் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கினார். பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது. என் பஸ்ஸில் ஏறுகிறவர்களை ஒரு வருஷத்துக்கு உன் பஸ்ஸுக்குக் கூப்பிடக் கூடாது. மீறினால் உன் பஸ் எனக்கு.

உச்சிமாகாளி பார்த்தது, பிரேக் சரியாகப் பிடிக்காததை. வியாபாரம் முறிந்தது.

“இந்த சீசன் ஓடட்டும்லே, பிரேக்கைப் பொறவு பாத்துக்கிடலாம்” என்றார் சங்கிலிப்பாண்டி.

2

சாரல் காலம். [குற்றாலத்து அருவியைப் பற்றி இங்கே ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அதற்கு இப்போது நேரமில்லை.] இரண்டு பஸ்ஸும் ஐந்தருவிக்குக் கிளம்ப நிற்கின்றன. தங்கத்தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். எப்போதும் சங்கிலிப்பாண்டி பஸ்ஸில் போகிறவள்.

“அண்ணாச்சி, எதுல ஏறட்டும்?”

உச்சிமாகாளி தலையைத் திருப்பினான். எதிரே சங்கிலிப்பாண்டி பார்த்துக்கொண்டே நிற்கிறார். பஸ் போனால் குடும்பம் தெருவில்தான்.

“அது... ஒன் இஷ்டம் தாயி.”

அவள் அங்கே போய் ஏறினாள்.

[கோழை. இவனை இப்படி நினைத்து நான் எழுதவில்லை. கேட்டவளுக்குப் பதில் சொன்னால் அது கூப்பிட்டதாகிவிடுமா? ஆகாது என்று ஒரு வக்கீல் வாதாடுவார், பஸ் பறிபோன பிறகு.]

3

வேறு வழி யோசித்தேன். திரும்பி வரும் இறக்கத்தில் உச்சிமாகாளி காலி பஸ்ஸோடு முன்னால் மெதுவாகப் போகட்டும். பின்னால் வருகிற வண்டிக்குப் பிரேக் பிடிக்காவிட்டால் இவன் வண்டியில் முட்டி நிற்கட்டும். அதைத் தடுக்க ஷரத்து எதுவும் இல்லை. அவனுக்கும் இது பிடித்திருந்தது. கூட்டிப்போனவர்களைத் திரும்பக் கூட்டிவர வேண்டுமே என்று, ஏறியிருந்தவர்களைக் கிளம்புமுன்பே இறக்கப் பார்த்தான்.

“எல்லாரும் எறங்குங்க. இன்னைக்கு இந்த வண்டி ஆளேத்தாது.”

“ஏலே, கிறுக்கு புடிச்சிட்டா ஒனக்கு?” என்று ஒரு பெரியவர் ஏசினார். முணுமுணுத்தபடி எல்லாரும் இறங்கினார்கள். இறங்கி, நேரே...

அட பாவி, இதை நான் யோசிக்கவே இல்லையே! அத்தனை பேரும் அந்த பஸ்ஸில் ஏறுகிறார்கள். சங்கிலிப்பாண்டி வாயெல்லாம் பல்லாக வழிவிட்டு நிற்கிறார்.

4

ஒரு முடிவு: உச்சிமாகாளி கத்துகிறான், பஸ்ஸை இழக்கிறான். இன்னொன்று: வாயை மூடிக்கொள்கிறான், இறக்கத்தில் அந்த வண்டி... [இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.]

முதலாவதை எழுதிவிடலாம். எழுதுவது நான், இழப்பது அவன். எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஹாரன் அடித்தாயிற்று. தங்கத்தாயின் பிள்ளை வெளியே கை நீட்டிச் சாரலைப் பிடிக்கிறது.

நீங்கள் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. அவள் பேர் தெரியும், பிரேக் விஷயமும் தெரியும். கூப்பிடுங்கள்.