வெம்பிளிக்கு வழி

…ஆனால் வட்டமா, சதுரமா? கயிற்றின் ஒரு முனையை நடுக்கம்பத்தில் கட்டிவிட்டு மறுமுனையைப் பிடித்தபடி நின்றான் கருப்பண்ணன், உச்சிவேளைக்குள் புதுத் துரை வந்துவிடுவார், இங்கிலாந்து ராஜா பட்டமேறி இருபத்தைந்து வருஷமானதைக் கொல்லிமலை பந்து உதைத்துக் கொண்டாடாவிட்டால் சாம்ராஜ்யம் சாய்ந்துவிடும் போலிருக்கிறது, அதனால் காப்பித் தோட்டத்து ஓரத்தில் ஒரு பந்து மைதானம், கோடு போட்டுக்கொடுக்க லண்டன் வெம்பிளி மைதானத்தைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் இவன்… பார்த்தான்தான், வெளியிலிருந்து. சுவர் வளைந்து போயிற்று, வளைந்த சுவருக்குள் இருப்பது வட்டமாகத்தானே இருக்கவேண்டும், கேழ்வரகுக் களம் மாதிரி? ஊரும் அப்படித்தான் நினைத்தது, நடுவில் கம்பம் நட்டு, நேற்றே சாணி மெழுகிக் காயப்போட்டாயிற்று, களத்தில் செருப்புக்காலோடு ஏறாத ஜனம், துரையையும் பூட்ஸைக் கழற்றச் சொல்லுமோ என்னவோ.

வெம்பிளியின் சரித்திரமெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம், அதுதான் வேடிக்கை. பாரிஸ் கோபுரத்தைவிட உயரமாய்க் கட்டுகிறேன் என்று ஒரு பெரிய மனுஷர் புறப்பட்டு முதல் நிலையோடு மூச்சுவாங்கிப் போனார், அந்த மொட்டைக் கோபுரத்தை இடித்துத் தள்ளிய இடத்தில்தான் முந்நூறே நாளில் மைதானம், படிக்கட்டு தாங்குமா என்று பார்க்க ஆயிரத்துச் சொச்சம் பேரை ஏற்றிக் காலால் மிதிக்கச் சொன்னார்களாம், தாங்காவிட்டால் தெரிந்துவிடும் பார், என்ன மூளை! அடுத்த வருஷப் பொருட்காட்சிக்கு மிளகு மூட்டையோடு இன்னொரு மூட்டையாகப் பழைய துரை இவனையும் கொண்டுபோனார், பந்தாட்டப் பந்தயத்தன்று பேய்மழை, துரை உள்ளே நனைந்தார், துரையின் மழைக்கோட்டு வெளியே இவன் கையில் நனைந்தது… உள்ளே ஓர் இரைச்சல் எழும்பும், அடங்கும், மறுபடி எழும்பும், யார் ஜெயித்தது என்று கேட்கக்கூட இவனுக்கு அங்கே ஆளில்லை. இங்கே உண்டு. பதினோரு வருஷமாய் வேலை முடிந்ததும் நாலு பேர் இவன் வாசலில் வந்து உட்கார்ந்து வழி சொல்லுங்க என்பார்கள், இவன் காரவள்ளிக்கு நடையாய் இறக்கி, சேந்தமங்கலத்தில் வண்டி பிடித்து, சேலத்தில் ரயிலேற்றி, பம்பாயில் கப்பலேற்றி, லண்டன் பேக்கர் தெருவில் ரயில் மாற்றி, மைதானத்து வாசலின் இரட்டைக் கோபுரத்தடியில் கொண்டுபோய் நிறுத்துவான். இன்றைக்குத் துரை பார்த்துச் சிரித்தால், நாளைக்கு அந்த வாசலில் யார் வந்து உட்காருவார்கள்?

"ஏனுங்க மாமா, கயித்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கறீங்க, கெடா ஓடிப்போச்சுங்களா?" சாணிக்கூடையோடு கொழுந்தியாள் பொன்னாயி. எப்படி வாயில் வந்ததோ, சொல்லிவிட்டான், "பொன்னாயி, நான் உள்ளாற போகவே இல்லை." "தெரியுமுங்க." "ஆருக்கு?" "எல்லாத்துக்குந்தான். போன ஆளா இருந்தா ஆட்டத்தைப் பத்தி ஒரு பேச்சாச்சும் வந்திருக்குமில்லீங்க? கோபுரம் வரைக்கும் கப்பலு ரயிலுன்னு வெளுத்து வாங்குவீங்க, அங்க வந்து நின்னுருவீங்க." "அப்பறம் எதுக்குத் தெனமும் வாரீங்க?" அவள் கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "பேக்கர் தெருவுல எறங்கோணும்னு எங்க ஊட்டு ஆடு கூடச் சொல்லுமுங்க," என்று சிரித்துவிட்டு நடந்தாள்.

சரி, துரை சிரிக்கட்டும், அது ஒரு பக்கம்… வழி தெரிந்தவர்களுக்கு எதற்கு வழி? அதுவும் போகிற வழி மட்டும்? இத்தனை வருஷத்தில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், எப்படித் திரும்பி வந்தீங்க என்று கேட்டதில்லையே. காரவள்ளியிலிருந்து மூச்சிரைக்க ஏறிவந்து பூட்டிக் கிடந்த தன் வீட்டுக் கதவைத் தட்டியதை, பெண்டாட்டி கண்ணாயியைக் காய்ச்சல் கொண்டுபோய் நாற்பது நாளாயிற்று என்று இதே பொன்னாயி சாவியை நீட்டியதை… கோபுரத்தடிக்கு வந்ததும், திரும்புகிற வழி தொடங்குவதற்குள், எல்லாரும் ஒருசேர எழுந்து துண்டை உதறிக்கொண்டு போய்விடுவார்கள், தூக்கம் வந்து போகிறார்கள் என்றல்லவா இவன் நினைத்திருந்தான்.