ராகுலன் இருக்காத பெட்டி

ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் ஒரு பழைய ஹொக்கி அரினாவுக்கு முன்னால் உள்ள பஸ் தரிப்பில் ஒரு வாங்கு கிடக்கிறது. அதன் சாய்மணையில் ஒட்டிய விளம்பரத்தில், வீடு விற்றுக் கொடுக்கும் ராகுலன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பான். அரினாவில் பராமரிப்பு வேலை செய்யும் லெஸ்லி தினமும் வேலை முடிந்ததும் அந்த வாங்கில் போய் இருந்து, ராகுலனின் மூக்கு எங்கே வருமென்று பார்த்து முதுகை வைத்து நன்றாகத் தேய்ப்பான். அடுத்த தரிப்பில் கண்ணாடிக் கூண்டு உண்டு. ஜனவரிக் குளிரிலும் அவன் அங்கே போவதில்லை. இருபத்திரண்டு வருட வன்மத்தை ஒரு மனிதன் எங்கேயாவது தேய்க்கத்தானே வேண்டும்.

அப்போது ரொறன்ரோ லான்ரேர்ன்ஸ் என்று ஒரு தொழில்முறை உள்ளரங்க உதைபந்தாட்ட அணி இருந்தது. இரண்டே பருவங்கள்தான் உயிரோடு இருந்தது. இதே அரினாவில், பனித்தரைக்கு மேல் பச்சைக் கம்பளம் விரித்து, சுற்றியுள்ள ஹொக்கிப் பலகைகளில் பந்தை மோதவிட்டு ஆடினார்கள். பக்கத்துக்கு ஆறு பேர். மூச்சு விட நேரமில்லாத ஆட்டம். அணியில் தமிழர் இரண்டு பேர்: கோல்காப்பாளன் ராகுலன், பின்வரிசையில் இருபத்துநாலு வயது லெஸ்லி. அந்த இருவருக்காகவே தமிழ்ச்சனம் பற்றீஸும் பிளாஸ்க்கில் தேத்தண்ணியும் கட்டிக்கொண்டு வந்து தொண்டை கிழியக் கத்தியது.

ஹொக்கியில் போலவே அந்த ஆட்டத்திலும் தண்டனைப் பெட்டி உண்டு. முரட்டுத்தனம் காட்டியவனுக்கு நடுவர் நீல அட்டை நீட்டுவார். அவன் கண்ணாடி அடைத்த அந்தப் பெட்டிக்குள் இரண்டு நிமிடம் இருக்கவேண்டும். அதுவரைக்கும் அவனது அணி ஓராள் குறைவாக ஆடும். ஆனால் கோல்காப்பாளன் தவறு செய்தால் அவன் போகத் தேவையில்லை. அவனுக்காக இன்னொருவன் போய் இருப்பான். ராகுலனுக்கோ கை சும்மா இராது. கிட்ட வந்தவனை இடிப்பான், இழுப்பான். உடனே பயிற்சியாளர் அணியிலேயே இளையவனான லெஸ்லியைப் பார்ப்பார். லெஸ்லி போய் இருப்பான். ஒரே பருவத்தில் பதினொரு தடவை ராகுலனுக்காகப் பெட்டிக்குள் இருந்தவன் அவன்.

இரண்டாயிரத்து இரண்டு ஏப்ரலில் இறுதியாட்டம். கடைசி மூன்று நிமிடம், இரண்டு பக்கமும் ஒன்பது கோல்கள். ராகுலன் முன்னால் ஓடிப்போய் எதிரணிக்காரனின் முகத்தில் முழங்கையால் இடித்தான். நீல அட்டை. லெஸ்லி பெட்டிக்குள் போனான். ஓராள் குறைந்த அணி கோல் வாங்கியது, கிண்ணம் போனது. அணியின் முதலாளி கையை விரித்தார். இரண்டு மாதத்தில் அணியும் இல்லை, லீக்கும் இல்லை.

பார்க்க வந்த சனத்துக்கு இந்தச் சட்டமெல்லாம் எங்கே தெரியும்? பெட்டிக்குள் இருந்தவன்தானே குற்றவாளி! அடுத்த ஞாயிறு தமிழ் வானொலியில் யோகராணி ராகுலனைப் பேட்டி கண்டு, கடைசி நேரத்தில் என்ன நடந்தது என்று கேட்டாள். ராகுலன் ஒரு பெருமூச்சு விட்டான். “நான் ஆரையும் குறை சொல்ல விரும்பேல்லை. சின்னப் பொடியள், கட்டுப்பாடு குறைவு” என்றான்.

பார்க்டேல் வீட்டுக் குசினியில் அந்த வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் லெஸ்லியின் அப்பா அலெக்ஸாண்டரும் ஒருவர். இரண்டு பஸ் மாறி எல்லா ஆட்டத்துக்கும் வந்து ஏழாம் வரிசையில் இருந்தவர். லெஸ்லி அவருக்குச் சட்டத்தை விளக்கினான், கெஞ்சினான், அழுதும் பார்த்தான்.

“கண்ணால கண்டனான், தம்பி,” என்றார் அவர். “பெட்டிக்குள்ள இருந்தது ஆர்?”

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தார். மகனோடு ஒருநாளும் உதைபந்தாட்டம் பற்றிப் பேசவில்லை. அவரைப் புதைத்த அன்று ராகுலனும் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, லெஸ்லியின் தோளில் தட்டிவிட்டுப் போனான். அந்தத் தட்டு லெஸ்லிக்கு இன்னும் எரிகிறது.

இந்த வருடம் வைகாசியில் ராகுலனுக்கு ஓர் ஆசை வந்தது. லான்ரேர்ன்ஸ் வரலாற்றைப் புத்தகமாக அடித்து, பழைய வீரர்களைக் கூட்டி ஒரு காட்சி ஆட்டமும் வைத்து, அதே அரினாவில் வெளியிடப் போகிறானாம். பிரதியொன்று லெஸ்லிக்கும் தபாலில் வந்தது. முன்பாதி வாழ்த்துச் செய்திகள், பின்பாதி விளம்பரங்கள், நடுவில் ராகுலனின் படங்கள். நாற்பத்தோராம் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘இறுதியாட்டத்தின் முக்கியமான அந்த இரண்டு நிமிடங்களில் லெஸ்லி தண்டனைப் பெட்டியில் இருந்ததால் நாம் கிண்ணத்தை இழந்தோம்.’

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். மனைவி யூஜினி அவன் தோளுக்கு மேலால் எட்டி வாசித்தாள்.

“போறதெண்டால் போங்கோ. ஆனா கையை நீட்டிப்போட்டு வராதேங்கோ.”

“கை நீட்டமாட்டன். ஆளை இருத்தப் போறன்,” என்றான் லெஸ்லி.

வெளியீட்டு நாள், ஞாயிறு பின்னேரம். பனி எடுத்து, கம்பளம் விரித்தாயிற்று, விரித்தவனே லெஸ்லிதான். சுலபமாக வெல்லலாம், படமும் வடிவாக வரும் என்று நினைத்து, ராகுலன் எதிரணியாக விட்பி நகரில் இருந்து ஒரு பெண்கள் அணியைக் கூப்பிட்டிருந்தான். அதன் தலைவி துவாரகா, பத்தொன்பது வயது, காலில் சில்லுப் பூட்டியதுபோல ஓடும் பிள்ளை. பலகை ஓரமாக மேசையில் பொன் நாடா கட்டிய புத்தகங்கள் அடுக்கியிருந்தன, பக்கத்தில் சனத்துக்குச் சாப்பிடச் சுடச்சுட ரோல்ஸ் தட்டுகள். தண்டனைப் பெட்டிக்குப் பக்கத்து மேசையில் யோகராணி மைக்கோடு இருந்தாள். இன்றைக்கும் அறிவிப்பு அவள்தான்.

பத்து நிமிடத்தில் துவாரகா லெஸ்லியின் பக்கத்தால் மூன்று தடவை வந்தாள். மூன்று தடவையும் லெஸ்லி, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு வழி விடுவதுபோல அழகாக விலகினான். மூன்றும் கோல். சனம் ராகுலனைப் பார்த்துச் சிரித்தது.

“டேய், மறியடா! கண் தெரியேல்லையே?” ராகுலன் கத்தினான்.

“வயது போட்டுது, அண்ணை,” என்றான் லெஸ்லி.

நாலாவது தடவை வந்தபோது ராகுலனுக்கு முகம் சிவந்துவிட்டது. துவாரகா பந்தை அவன் தலைக்கு மேலால் தூக்கிவிட்டு ஓட, அவன் அவளது ஜேர்சியைப் பிடித்து இழுத்து விழுத்தினான். பழைய கை, பழைய குணம். நடுவர் விசில் ஊதினார். நீல அட்டை. விழுந்த பிள்ளை எழும்பி, “Seriously, uncle?” என்றாள்.

ராகுலன் வழக்கம்போல கையுறையை நீட்டி லெஸ்லியைக் காட்டினான். பழைய பகிடி என்று நினைத்துச் சிரிக்கவும் செய்தான்.

“லெஸ்லி, போ மச்சான்.”

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் லெஸ்லி மூன்று கோல்களை விழுங்கியிருந்தான். “ஏலாது. பதினொரு தரம் போனனான். இந்த முறை நீங்கள் போங்கோ,” என்றான்.

ராகுலன் மற்றவர்களைப் பார்த்தான். ஒருவரும் அசையவில்லை. நடுவர் பொறுமையிழந்து, போக ஆளில்லாவிட்டால் நீயே போ என்று கையைக் காட்டினார். அவ்வளவு சனத்துக்கு முன்னால் வேறு என்ன செய்வது? கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனான். கதவு அவனுக்குப் பின்னால் டக்கென்று சாத்திக்கொண்டது. லெஸ்லி கையுறைகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டு கோலடியில் நின்றான்.

இரண்டு நிமிடம் முடிந்தது. ராகுலன் கதவைத் தள்ளினான். திறக்கவில்லை. தோளால் இடித்தான், இழுத்தான், கண்ணாடியில் தட்டினான். நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். பழைய அணிக்காரர் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். லெஸ்லி ஒரு பார்வை பார்த்தான்; அவர் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டத் தொடங்கினார்.

“டேய், நீதானே இஞ்ச வேலை செய்யிறனீ! வந்து திறவடா!”

லெஸ்லி ஆறுதலாக நடந்து வந்தான். “வெளியில வரலாம், அண்ணை. அதுக்கு முன்னம் யோகராணி அக்கா பழைய கேள்வியை ஒருக்காக் கேக்கட்டும்.”

யோகராணி அவன் முகத்தைப் பார்த்தாள். அவள் மக்கு இல்லை. நாற்பத்தோராம் பக்கத்தை அவளும் வாசித்திருந்தாள், இப்போது யார் யாருக்காகப் பெட்டிக்குள் போவது என்பதையும் கண்ணால் கண்டுவிட்டாள். மைக்கைக் கண்ணாடி இடுக்கால் உள்ளே நீட்டினாள்.

“ராகுலன், அண்டைக்குக் கடைசி நேரத்தில என்ன நடந்தது?”

“அது பழைய கதையெல்லே, அக்கா. இப்ப ஏன்?”

லெஸ்லி பந்தை நிலத்தில் தட்டிக்கொண்டு நின்றான். ஒரு நிமிடம் போனது, ஐந்து நிமிடம் போனது. பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி உள்ளே பார்த்தார்கள், படம் பிடித்தார்கள். பஸ் வாங்குகளில் ஓயாமல் சிரிக்கும் அந்த முகத்திலிருந்து வியர்வை ஒழுகியது. பின்னாலிருந்து யாரோ, “சொல்லித் துலையுங்கோவன், ரோல்ஸ் ஆறுது!” என்று கத்தினார்கள். லெஸ்லிக்கு அது தேனாக இனித்தது. இதைவிட மெதுவாக நேரம் போகக்கூடாதா என்றிருந்தது.

“இடிச்சது நான்,” என்றான் ராகுலன் கடைசியில். மைக் அதை அரினா முழுக்கக் கொண்டுபோனது. “அட்டை எனக்குத்தான் கிடைச்சது. அவன் எனக்காகப் போய் இருந்தவன்.”

“அப்ப கட்டுப்பாடு இல்லாத பொடியன் ஆர்?” யோகராணி விடவில்லை.

“நான்தான்.”

லெஸ்லி ஏழாம் வரிசையை நிமிர்ந்து பார்த்தான். கேட்கவேண்டிய மனிதர் அங்கே இல்லை. யூஜினி மட்டும் இருந்தாள். நெஞ்சு ஆறும் என்று நினைத்திருந்தான். ஆறவில்லை, இன்னும் கொதித்தது.

“சொல்லிப்போட்டன்தானே. இப்ப பூட்டைத் திறவடா,” ராகுலன் கதவை உலுப்பினான்.

லெஸ்லி மைக்கை இடுக்கால் வெளியே இழுத்து வாய்க்குக் கிட்ட வைத்தான். “பூட்டே இல்லை, அண்ணை. நான் பூட்டினனான் எண்டு எப்ப சொன்னனான்? உந்தக் கொழுக்கியை மேல தூக்கிப்போட்டுக் காலால ஒரு தள்ளுத் தள்ளோணும். அண்டு தொடக்கம் உது அப்பிடித்தான். ஒருக்கா எண்டாலும் உள்ளுக்க இருந்திருந்தால் தெரிஞ்சிருக்கும்.”

ராகுலன் கொழுக்கியைத் தடவினான். சொல்லிக் கொடுத்தும் அதை எப்படித் தூக்குவதென்று அவனுக்குத் தெரியவில்லை. ஏழாம் வரிசையில் இருந்து முதலில் சிரித்தது யூஜினி.