நாடா கட்டிய பியட்

துல்கர்னைன் தன் காரை விற்கப்போகிறார் என்று தென்காசியில் பேச்சு பரவியபோது, வாங்க வந்தவர்களைவிட வேடிக்கை பார்க்க வந்தவர்களே அதிகம். அவர் போட்ட நிபந்தனைகள் அப்படி.

சவூதியில், தமாமில் வேலை பார்க்கும் மகன் முகம்மது ரபீக், "1967 பியட், முப்பத்தாறு வருஷம் ஒரே வீட்டில், நல்ல ஓட்டம்" என்று இணையத்தில் ஒரு வரி விளம்பரம் போட்டான். வாப்பாவுக்கு அது போதவில்லை. கீழே சேர்க்கச் சொல்லி வரிசையாகக் குரல் செய்திகள் அனுப்பினார். ஏ.சி. வைக்க நினைப்பவர்கள் வர வேண்டாம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுபவர்கள் வர வேண்டாம். கதவை அறைந்து சாத்துகிறவர்கள் என்ன விலை கொடுத்தாலும் வர வேண்டாம்.

விற்காமலும் முடியாது. லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனவரை, கண் டாக்டர் சுவரில் தொங்கிய எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். மேல் வரிசையைத் தடுமாறாமல் படித்த துல்கர்னைன், இரண்டாம் வரிசைக்கு வந்ததும், "அது நீங்க படிச்ச சர்டிபிகேட்டா டாக்டர்?" என்று கேட்டார். அத்தோடு கதை முடிந்தது. ஓட்ட ஆளில்லாமல் கொட்டகையில் நின்றால், குற்றாலச் சாரல் இரண்டே சீசனில் காரைத் தின்று தீர்த்துவிடும். ஓட்டவும் வேண்டும், பார்த்துக்கொள்ளவும் வேண்டும். அப்படி ஓர் ஆள் கிடைக்க வேண்டும் என்பதே அந்த மாதம் முழுக்க அவருடைய கவலை.

முதலில் வந்தவர் ஐந்தருவிப் பக்கம் லாட்ஜ் வைத்திருக்கும் அகமது கபீர்.

"வாசல்ல நிறுத்திருவேன் மாமா. வாரவன் பூரா போட்டோ எடுப்பான்."

"ஓட்ட மாட்டீரா?"

"எதுக்கு ஓட்டணும்? இன்ஜினைத் தூக்கிட்டு பானட்டுக்குள்ள குரோட்டன்ஸ் வச்சா அம்சமா இருக்கும்."

துல்கர்னைன், கபீர் கையிலிருந்த டீ கிளாஸைப் பாதியிலேயே வாங்கிக்கொண்டார். "போயிட்டு வாரும்."

அதற்குப் பிறகு வந்த நான்கு பேரில் மூன்று பேர் கதவிலேயே தோற்றார்கள். நான்காமவர் காரைத் தொடவே இல்லை, புளூடூத் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

ஆலங்குளத்திலிருந்து எப்சிபா வந்தது ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கூடவே கணவன் பென்னி, தலையைப் போனிலிருந்து தூக்காமல் வந்தான். எப்சிபா செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஏறினாள். கதவை அறையவில்லை, இழுத்துவைத்து உள்ளங்கையால் ஓர் அமுக்கு அமுக்கினாள். இன்ஜினை ஓடவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்டாள்.

"மூணாவது பிளக் லேசா இருமுதே அண்ணாச்சி."

துல்கர்னைன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது பிளக்கின் இருமல் அவரைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தார்.

"எங்க அப்பா டாக்சி ஓட்டினாவ," என்றாள் அவள். "ஸ்கூட்டிக்கு முன்னாடி நான் ஓட்டிப் படிச்சது இந்த மாடலைத்தான்."

இனி மிச்சம் வைப்பர் மட்டும். அங்கேதான் சிக்கல்.

தொண்ணூற்றாறாம் வருஷ சீசனில், ஐந்தருவியில் ஒரு குரங்கு ஓடிக்கொண்டிருந்த வைப்பரைப் பாம்பு என்று நினைத்ததோ என்னவோ, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விட மறுத்தது. மோட்டார் புகைந்துபோனது. அன்றைக்கு வீடு திரும்ப, துல்கர்னைனின் மனைவி அலிமா கைப்பையிலிருந்த புதுப் பாவாடை நாடாவை எடுத்து வைப்பரில் கட்டி, ஒரு முனையை வலப்பக்க ஜன்னல் வழியாக அவரிடம் கொடுத்து, மறுமுனையை இடப்பக்க ஜன்னல் வழியாகத் தான் பிடித்துக்கொண்டாள். அவர் இழுக்க, அவள் விட வேண்டும். அவள் இழுக்க, அவர் விட வேண்டும். ஒரு நாளைக்கென்று கட்டிய நாடா முப்பது வருஷமாகிவிட்டது. தேய்ந்தால் மாற்றுவார்கள், மறுபடியும் பாவாடை நாடாவேதான். நைலான் கையை அறுக்கும்.

சாரல் தூறிக்கொண்டிருந்தது. குற்றாலம் பார்த்து எப்சிபா ஓட்ட, இடப்பக்கம் பென்னி, பின்னால் துல்கர்னைனும் அலிமாவும். இலஞ்சி தாண்டுவதற்குள் கண்ணாடி மங்கிவிட்டது.

"இழுங்க," என்றாள் எப்சிபா.

"இழுத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

"நான் இழுக்கையில நீங்க விடணும்."

"நீ முதல்ல விடு."

வைப்பர் நட்டநடுவே நிமிர்ந்து நின்று நடுங்கியது. பின்னால் வந்த வேன்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. எப்சிபா ஓரங்கட்டினாள்.

"தம்பி," என்றாள் அலிமா பின்னாலிருந்து, "அவ இழுக்கையில நீ எதுத்து இழுக்கக் கூடாது."

"வீட்டுப் பழக்கம் மைனி," என்றான் பென்னி.

பிளக் இருமல் கேட்கிற காது கிடைத்தும், ஜோடி சரியாக அமையவில்லை. இந்த லட்சணத்தில் சாரலில் போனால் முதல் வளைவிலேயே ஏதாவது லாரிக்கு முத்தம் கொடுப்பார்கள். வண்டியைத் தர முடியாது என்று எப்படிச் சொல்வதென துல்கர்னைன் யோசித்தார்.

"ஒரு மோட்டார் போட்டுக்கிடலாமே அண்ணாச்சி?"

"இதுக்கு மோட்டார் கிடையாதும்மா. ரபீக் கோயமுத்தூர் வரைக்கும் தேடிட்டான்."

அலிமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "இருக்கு," என்றாள்.

"எங்கன?"

"பீரோவுல. நிக்காஹ் சேலைக்கு அடியில. பதினாலு வருஷமாச்சு."

"ரபீக் கிடைக்கலைன்னு சொன்னானே?"

"நான்தான் சொல்லச் சொன்னேன்."

பென்னி போனைப் பையில் போட்டுவிட்டுத் திரும்பி உட்கார்ந்தான்.

"மோட்டார் வந்துட்டா என்னையவா குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போவீங்க?" என்றாள் அலிமா. "கடைத்தெரு கூட்டாளிங்க நாலு பேரை ஏத்திக்கிட்டுப் போயிருப்பீங்க. முப்பது சீசன் நான் அருவி பார்த்தது நாடா புண்ணியத்துலதான்."

துல்கர்னைன் மறுக்க வாயைத் திறந்தார். கூட்டாளிகள் நான்கு பேரும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தார்கள்.

எப்சிபா கணவனைப் பார்த்தாள். கல்யாணமாகி அவன் போன் இல்லாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

"மைனி, நீங்க ஒரு தாளம் சொல்லுங்க. போய்ப் பார்ப்போம்," என்றாள்.

"இழு," என்றாள் அலிமா. "விடு. இழு. விடு. தம்பி, பாத்திரம் துலக்குத மாதிரி இழுக்காத. ஊஞ்சல் ஆட்டுத மாதிரி."

குற்றாலம் தாண்டியதும் அலிமா தாளம் சொல்வதை நிறுத்திவிட்டாள். வைப்பர் நிற்கவில்லை. ஐந்தருவியில் வண்டியை நிறுத்தியபோது ஒரு குரங்கு பானட்டில் ஏறி உட்கார்ந்து, வைப்பரையே உற்றுப் பார்த்தது. "அன்னைக்கு வந்ததுக்குப் பேரனா இருக்கும்," என்று சொல்லி, அதன் கவனத்தைத் திருப்ப வாழைப்பழம் வாங்கிக்கொடுத்தார் துல்கர்னைன். திரும்பி வரும்போது பென்னி பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இழுத்தான்.

வீட்டு வாசலில் துல்கர்னைன் சாவியை எப்சிபாவின் கையில் வைத்தார். அலிமா உள்ளே போய், பாச்சை உருண்டை மணக்கும் ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தாள்.

"மோட்டாரையும் எடுத்துக்கிடு. மாட்டுறதுக்கு அரை மணி நேரம்தான் ஆகும்."

எப்சிபா பெட்டியைத் திறக்காமலே வாங்கிக்கொண்டாள். "எங்க வீட்டு பீரோவுலயும் இடம் இருக்கு மைனி."

பென்னி அதற்குள் இடப்பக்கம் ஏறி, நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டு காத்திருந்தான். கதவை இழுத்துவைத்து உள்ளங்கையால் அமுக்கியிருந்தான். துல்கர்னைன் அதையும் கவனித்தார்.

பத்து நாள் கழித்து பென்னியிடமிருந்து போன். ஆலங்குளத்தில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறானாம். பாவாடை நாடா கேட்டதற்குக் கடைப்பெண்கள் சிரிக்கிறார்களாம். பருத்தியா, பாலியெஸ்டரா?

"பருத்தி," என்றாள் அலிமா போனை வாங்கி. "பட்டையா இருக்கணும். சிரிச்சா சிரிக்கட்டும்."

வெளியே சாரல் பிடித்திருந்தது. துல்கர்னைன் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் போன ஒரு ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினார்.

"கிளம்பு, குத்தாலம் போவோம்."

"ஆட்டோவுல வைப்பர் தன்னால ஆடுமே. நான் எதுக்கு?"

"சும்மா வா," என்றார் அவர்.