கட்டைத் தம்பூருக்கு இரண்டு குமிழ்கள்

12 பிப்ரவரி 1947, புதன்.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். ஓசையைக் கூட்டிக் குறைக்கும் குமிழில் வயர் பற்றவைக்கும் மூன்று காதுகளை முன்பக்கமிருந்து எண்ணாமல் பின்பக்கமிருந்து எண்ணி வயரைப் பற்றவைத்துவிட்டேன். அதனால் வலப்பக்கம் திருப்பினால் ஓசை குறைகிறது, இடப்பக்கம் திருப்பினால் கூடுகிறது. விளக்குத் திரியை ஏற்றி இறக்கிப் பழகிய கை எதுவானாலும் இதில் ஏமாந்துதான் போகும். சிறு தவறு என்று எழுதிவிட்டேன். பாஞ்சாலி அக்காவின் பிழைப்பில் போய் விழுந்ததைச் சிறியது என்று சொல்லலாமா, தெரியவில்லை. அந்தச் சொல்லை அடிக்காமல் விடுகிறேன்.

வரிசையாக எழுதினால்தான் எங்கே பிசகினேன் என்று எனக்கே விளங்கும். பகலில் பொம்மிடி ஸ்டேஷன் விளக்கு அறையில் சிக்னல் விளக்குகளுக்குத் திரி கத்தரித்து எண்ணெய் விடுகிறேன். சாயங்காலம் பள்ளிக்கூடத்துப் பின்கட்டில் நடக்கும் ஒயர்மேன் வகுப்புக்குப் போகிறேன். பாப்பாரப்பட்டி நாடகக் கம்பெனி ஒன்று கடலைக்காய் மண்டியில் தங்கி ஒத்திகை பார்க்கிறது. சனிக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் நாடகம். இந்த வருஷம் கம்பெனிக்குப் புதிதாக மைக் செட்டு வந்திருக்கிறது. அதை ஓட்டுகிறவன் என்னோடு படிக்கும் செல்லன். இருப்பது ஒரே மைக். அதை ராஜா பார்ட்டுக்காரர் பிடித்துக்கொண்டால் விடமாட்டார். பின்னால் உட்கார்ந்து கட்டைத் தம்பூர் வாசிக்கும் பாஞ்சாலி அக்காவின் ஓசை அவர் முதுகைத் தாண்டி வெளியே வருவதில்லை.

கட்டைத் தம்பூர் என்பது அந்தக் கம்பெனி வைத்த பெயர். பலாக்கட்டையில் குடைந்தது. சாதாரணத் தம்பூரைவிடத் தடித்த எஃகுத் தந்திகள். மீட்டினால் ஓசை காதில் விழுவதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பலகையில் தெரியும். அக்கா முன்பு பாடிக்கொண்டிருந்தவர். தொண்டை கட்டிப்போய்க் குரல் திரும்பவே இல்லை. அதன்பின் இதற்கு வந்தார். இதுவும் கேட்காவிட்டால் கம்பெனியில் அவருக்கு வேலை இல்லை என்று வாத்தியார் முனியப்பன் சொல்லிவிட்டார். கம்பெனிக்கு அவர்தான் முதலாளி.

இதற்கு வழி செய்ய ஆள் இருக்கிறது என்று அக்காவிடம் செல்லன்தான் என் பெயரைச் சொல்லிவிட்டான். பட்டாளத்துக் கழிவுச் சாமானில் வாங்கிய ஹெட்போன் ஒன்று வகுப்பில் கிடந்தது. அதன் தகட்டைக் கழற்றிவிட்டுக் காந்தத்தைத் தந்திகளுக்கு அடியில் பொருத்தினால் தந்தி நடுங்குவது வயரில் மின்சாரமாக ஓடும் என்று எனக்குத் தோன்றியது. பொருத்திப் பார்த்தேன். ஓடியது! அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

முழு ஓசையில் அப்படியே விட முடியாது. வசனம் பேசும்போது அடங்க வேண்டும், பாட்டு எடுக்கும்போது எழ வேண்டும். தந்தி மீட்டாமல் திறந்திருந்தால் ஒலிபெருக்கி ஊளையிடுகிறது. ஆகவே இரண்டு குமிழ்கள். ஒன்று ஓசையின் அளவுக்கு, மற்றது அதன் கூர்மைக்கு. சாமான் பெட்டியில் கிடந்த குமிழ்களில் எதன்மேலும் எழுத்து இல்லை. ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தோம். முதலாவது, தொட்டதும் பாதி ஓசையைக் கொட்டிவிட்டு அப்புறம் சும்மா சுற்றியது. அக்கா அதைத் திருப்பிப் பார்த்து, “இது ஒடைஞ்ச மடை தம்பி. வேற பாரு” என்றார். இன்னொன்று உள்ளே மண் விழுந்ததுபோலக் கரகரத்தது. அடுத்ததுதான் சீராக ஏறியது.

இந்தக் குமிழில் ஒரு விஷயம் என்னை யோசிக்க வைத்துக்கொண்டே இருக்கிறது. இது எதையும் கூட்டுவதில்லை. தந்தியிலிருந்து வருவது எவ்வளவோ அவ்வளவுதான். அதில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. முழுக்கத் திறந்தால் குமிழ் ஒன்றுமே செய்யவில்லை என்று அர்த்தம். இதை அக்காவிடம் சொன்னேன்.

“அப்ப இது சத்தம் போடற திருகு இல்ல. வாய மூடற திருகுன்னு சொல்லு” என்றார்.

இரண்டாவது குமிழுக்கு, கூர்மையான ஓசையை வடித்துவிடும் கன்டென்சர் ஒன்று வேண்டும். பெரியதைப் போட்டுத் திருப்பியபோது ஓசையின் கூர்மை எல்லாம் போய் வெறும் முழக்கம் மட்டும் வந்தது. எனக்கு அது பெரிதும் பிடித்திருந்தது. அக்கா உதட்டைப் பிதுக்கினார்.

“நகம் படற சத்தம் வேணும் தம்பி. இல்லைன்னா இந்த ஊருல ரயிலு போவுதுன்னு நெனைச்சிக்குவாங்க. ஒரு பொம்பள உக்காந்து மீட்டறான்னு யாருக்குத் தெரியும்?”

சின்ன கன்டென்சராக மாற்றினேன். முழுக்கத் திருப்பினாலும் நகத்தின் கீறல் கொஞ்சம் மிஞ்சி நின்றது. அவருக்கு அது போதும். இதுவரை எல்லாம் சரி. பிறகு தம்பூரின் மேல்பலகையில் துளையிட்டு, குமிழ்களை உள்ளே செருகி, பின்பக்கமிருந்து பற்றவைத்தேன். வகுப்பில் வரைந்து காட்டிய படம் முன்பக்கம். என் கண்முன்னால் இருந்தது பின்பக்கம். அங்கேதான் பிசகு.

சாயங்காலம் மண்டியில் வாத்தியார் கேட்க உட்கார்ந்தார். செல்லன் செட்டைப் போட்டதும் லேசாக ஊளை கிளம்பியது. அக்கா குறைப்பதற்காக இடப்பக்கம் திருப்பினார். ஊளை மண்டியையே தூக்கிவிட்டது. ஓட்டுக் கூரையின் வளையில் இருந்த புறாக்கள் எல்லாம் வெளியே போய்விட்டன. பதறி வலப்பக்கம் திருப்பினார். சுத்தமாக ஓசை நின்றது. அதற்குமேல் மீட்டினால் பலகைதான் அதிர்ந்தது.

வாத்தியார் காதிலிருந்து கையை எடுத்தார். “ஏம்மா, ஒன்னு ஊளை வுடுது, இல்ல ஊமையாவுது. சபையில என் மானம் போவணுமா? சேலத்துல ஒரு ஆர்மோனியக்காரன் சும்மாத்தான் இருக்கறான்.”

“என் கைதானுங்க வாத்தியாரே. புதுத் திருகு, இன்னம் பழகல” என்றார் அக்கா.

“வெள்ளிக்கிழம ஒருக்கா கேக்கறன். அப்பறம் பேச்சில்ல.”

நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. வாய் திறக்கவில்லை.

நாளை: வயரை மாற்ற வேண்டும்.

13 பிப்ரவரி, வியாழன்.

மாற்றிவிட்டேன். அக்கா இன்று நடுப்பகலுக்கு மேல் தாயாரைப் பார்க்கப் பாப்பாரப்பட்டி போய்விட்டார். நாளைச் சாயங்காலம்தான் வருவார். செல்லன் தம்பூரை மண்டியிலிருந்து தோளில் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தான். கரி அடுப்பில் இரும்பைக் காய வைத்து, ஓரத்துக் காதுகள் இரண்டிலும் இருந்த ஈயத்தை இளக்கி, வயர்களை இடம் மாற்றிப் பற்றவைத்தேன். நடுக்காதைத் தொடவில்லை. இந்த முறை காதுகளைக் கையால் தொட்டு, முன்பக்கமிருந்து ஒருமுறையும் பின்பக்கமிருந்து ஒருமுறையும் எண்ணினேன். வகுப்பு ரேடியோவில் மாட்டி, செல்லன் மீட்ட நான் திருப்பினேன். வலப்பக்கம் கூடியது, இடப்பக்கம் அடங்கியது. விளக்கு மாதிரியே.

“டேய் லாம்பு, இதப் போய் மொதல்லயே செஞ்சிருந்தா அந்தக்கா திட்டு வாங்கியிருக்குமா?” என்றான் செல்லன். விளக்கு அறையில் இருப்பதால் அவனுக்கு நான் லாம்பு.

மாற்றியதை அக்காவுக்குச் சொல்லியனுப்ப வேண்டுமா என்று யோசித்தேன். தேவையில்லை என்று முடிவு செய்தேன். இப்போது எல்லார் கையும் திருப்பும் பக்கமே திருப்பலாம். சொன்னால் புதன்கிழமை தவறு யாருடையது என்பதையும் சொல்ல வேண்டிவரும். இந்த இரண்டாவது காரணம்தான் முதலாவதா என்று படுக்கும்வரை சந்தேகம்.

நாளை: வெளிச்சம் இருக்கும்போதே மண்டிக்குப் போக வேண்டும்.

14 பிப்ரவரி, வெள்ளி.

நான் போனபோது எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். வாத்தியார் கடலைக்காய் மூட்டைமேல் இருந்தார். அக்கா அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார் போல, தலையில் வைத்த பூ வாடியிருந்தது. தம்பூரை மடியில் சாய்த்து, வலக்கையைத் தந்தியிலும் இடக்கையைக் குமிழிலும் வைத்தார். என்னைப் பார்த்து, கவலைப்படாதே என்பதுபோல் தலையை அசைத்தார். அந்த அசைவு எனக்குக் கொஞ்சம் விசித்திரமாகப் பட்டது. தைரியம் சொல்ல வேண்டியவன் நானல்லவா?

“தொடங்கு” என்றார் வாத்தியார்.

அக்கா குமிழைத் தயக்கமில்லாமல் இடப்பக்கம் கடைசிவரை திருப்பினார். மீட்டினார். ஒன்றுமில்லை. மறுபடி மீட்டினார். ஒலிபெருக்கி வாய் திறந்தபடி இருந்தது.

வாத்தியார் எழுந்து வேட்டியில் ஒட்டியிருந்த கடலைத் தோலைத் தட்டினார். “எனக்குத் தெரியும். எனக்கு அன்னிக்கே தெரியும்.” வாசல் பக்கம் நடந்தார்.

“அக்கா, வலப்பக்கமுங்க!” என்றேன். குரல் எனக்கே உரக்கக் கேட்டது. “நேத்து வயரை மாத்திட்டனுங்க. புதன்கிழம தப்பு உங்க கையில இல்ல. நாந்தான் தலைகீழா வெச்சிட்டன்.”

அக்கா என்னையே பார்த்தார். “மாத்திட்டியா?”

“ஆமாங்க.”

“அடப்பாவி! வாத்தியாரு சொன்ன மறுநா வெள்ளனமே எந்திரிச்சி, செட்டு இல்லாமயே திருப்பித் திருப்பி எடதுபக்கத்துக்குக் கையப் பழக்கிட்டு ஊருக்குப் போனன்டா. பஸ்ஸுல கூட முட்டிமேல வெச்சித் திருப்பிக்கிட்டே வந்தன். பக்கத்துல உக்காந்திருந்த கெழவி கை வலிக்குதாம்மான்னு கேக்கறா!”

செல்லன் செட்டின்மேல் கவிழ்ந்து சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, வரக்கூடாத நேரத்தில். அவர் கையைத் திருத்தினார், நான் வயரைத் திருத்தினேன். ஒருவர் மட்டும் திருத்தியிருந்தால் சரியாக இருந்திருக்கும். அது அப்படிப்பட்ட தவறு என்று எந்தப் படத்திலும் போட்டிருக்கவில்லை.

இதைப் பேசும்போதும் அக்காவின் வலக்கை மீட்டுவதை விடவில்லை. இடக்கை வலப்பக்கமாக, மெதுவாக, பழகாத வழியில் இருட்டில் நடப்பதுபோலக் குமிழைத் திருப்பியது. நாங்கள் புதன்கிழமை கேட்டது ஊளையும் ஊமையும்தான். நடுவில் இருந்ததை அந்த மண்டியில் யாரும் கேட்டதில்லை. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து அது கிளம்பியது. முதலில் கேட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. பிறகு தரையில் சிதறிக் கிடந்த கடலைத் தோல்கள் நடுங்கின.

வாசலைத் தாண்டப்போன வாத்தியார் நின்றார். முதலில் தண்டவாளத்துப் பக்கம்தான் பார்த்தார். கூட்ஸ் வருவதாக நினைத்திருக்க வேண்டும். அதற்குள் முழக்கத்தின் மேலே நகம் படும் கீறல் எழுந்தது. அவர் திரும்பிப் பார்த்தார்.

“இன்னொருக்கா பண்ணு” என்றார். “கீழ கொண்டாந்துட்டு, மறுபடி மேல.”

அக்கா குறைக்கப் போனார். கை மறந்துபோய் வலப்பக்கமே ஓடியது. ஊளை. உடனே இழுத்து அடக்கிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். வாத்தியார் இம்முறை காதைப் பொத்தவில்லை.

“எமன் வர்ற எடத்துல இது வந்தா ஜனம் எந்திரிச்சி ஓடிரும்” என்றார். அது புகழ்ச்சியா என்று எனக்குத் தெரியவில்லை. “எந்தப் பக்கம் திருப்பறதுன்னு ரெண்டு பேரும் மொதல்ல பேசி முடிவுக்கு வாங்க. ஆர்மோனியக்காரனுக்கு நான் இன்னம் ஆள் அனுப்பல. நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஒருக்கா கேப்பன்.”

அவர் போனபின் அக்காவிடம், வேண்டுமானால் பழைய மாதிரியே மாற்றிவிடுகிறேன், கை பழகிய பக்கமே இருக்கட்டும் என்றேன்.

“நீ தொடாத. நீ மாத்த, நான் மாத்த, நாளைக்கும் இதே கதைதான். என் கை திரும்பிக்கும். ஒரு அடையாளம் மட்டும் வெச்சிக் குடு, எங்க நிக்குதுன்னு பாத்ததும் தெரியறாப்புல.”

எதிரில் குனிந்து குமிழில் எந்த இடம் என்று பார்த்தேன். அக்கா என் தோளைத் தட்டினார்.

“அங்கிருந்து பாக்காத தம்பி. அங்க உக்காந்தா வாசிக்கறன்? இங்க வா.”

எழுந்து இடம் விட்டார். தம்பூரை மடியில் வாங்கிச் சாய்த்துக்கொண்டேன். நினைத்ததைவிடக் கனம். இங்கிருந்து பார்த்தால் குமிழின் முகம் தெரியவில்லை, அதன் மேல் விளிம்பு மட்டும்தான் தெரிந்தது. இத்தனை நாளும் நான் வைத்திருந்த மேல், கீழ், வலம், இடம் எதுவும் இங்கே இல்லை.

நாளை: சிக்னல் விளக்குகளுக்கு எண்ணெய் விட்டு முடித்ததும், கைகாட்டிக்குப் பூசும் வெள்ளைப் பெயிண்டில் கொஞ்சம் கேட்டு வாங்க வேண்டும். குமிழின் விளிம்பில் ஒரு புள்ளி. அக்கா உட்காரும் இடத்தில் உட்கார்ந்து வைக்க வேண்டும்.