மாமனார் வீடு பார்க்க வந்தார்

பேசியே வீடு விக்கிறவ நான். எங்க கம்பெனி கட்டற அடுக்குமாடியில மாதிரி வீடுன்னு ஒண்ணு இருக்கு. வர்றவங்களுக்கு அதைச் சுத்திக் காட்டி, ஆசை காட்டி, தலையில கட்டணும். அதுதான் என் பொழப்பு.

முன்னாடியெல்லாம் குடும்பத்தோட வந்து மூணு பெட்ரூம் கேப்பாங்க. இப்போ யாரு கேக்கறா? கல்யாணமே வேண்டாம்னு ஒருத்தி வர்றா, கல்யாணம் முறிஞ்சுபோன ஒருத்தர் வர்றார், நாய்க்கு பால்கனி வேணும்னு ஒருத்தன் வர்றான். எல்லாருக்கும் ஒத்தை ரூம் போதும். ஆனா பாக்க மட்டும் அரண்மனை மாதிரி இருக்கணும். சின்ன வீடுன்னு சொன்னா ஜனங்க சிரிக்கறாங்கன்னு எங்க மேனேஜர் அதுக்குக் ‘கச்சித வீடு’ன்னு பேர் வச்சார்.

கச்சிதமாவது கிச்சிதமாவது! அந்த மாதிரி வீட்டுல கட்டில், மேஜை எல்லாமே ஆர்டர் குடுத்துக் குட்டையா செஞ்சு போட்டது. ஒரு சுவர் பூரா கண்ணாடி. உள்ளே வந்தவங்க, ‘அடேயப்பா, எவ்வளவு விசாலம்’னு வாயைப் பொளப்பாங்க. நானும் கூச்சமே இல்லாம ஆமாம் போடுவேன்.

போன வாரம் மேனேஜர் ஒரு பெரியவரைக் கூட்டிட்டு வந்தார். பாத்தா, எங்க மாமா! என் வீட்டுக்காரரோட அப்பா. பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர், ஆறடி ஆளு. நாலு வருஷமா எங்களோடதான் இருக்கார். காலையில என் கையால டீ வாங்கிக் குடிச்சவர், ஒரு வார்த்தை சொல்லல.

மேனேஜர் போன் பேச வெளியே போனதும், என்ன மாமா இதெல்லாம்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு கேட்டேன். தனியா ஒரு வீடு பாக்கறாராம். வேற இடத்துல வாங்கறதுக்குப் பதிலா எங்கிட்ட வாங்கினா எனக்கு கமிஷனாவது வருமாம்.

மாமனாரை நான் துரத்திட்டேன்னு என் நாத்தனார் ஊர் பூரா தண்டோரா போடுவாளே! என் வீட்டுக்காரர் ஒண்ணும் பேச மாட்டார், மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவார். அதுதான் இன்னும் மோசம். எப்படியாவது இவரை வாங்க விடக்கூடாதுன்னு முடிவு பண்ணினேன்.

கம்பெனி ரகசியம் அத்தனையும் கொட்டினேன். கட்டிலைத் தட்டிக் காட்டி, படுங்க மாமான்னேன். படுத்தார். முழங்காலுக்குக் கீழே பாதி வெளியே தொங்குச்சு. பாத்தீங்களா, எல்லாம் ஏமாத்துன்னேன். அந்தப் பக்கம் தெரியறது ரூம் இல்ல, கண்ணாடின்னேன். மனுஷன் அசரவே இல்ல. எழுந்து வாசல் நிலையைத் தடவிப் பாத்தார்.

“கதவு எங்கேம்மா?”

அதையும் சொன்னேன். வேணும்னேதான் மாட்டல. மாட்டினா திறக்கறப்போ கட்டில்ல இடிக்கும். நிஜக் கட்டில் போட்டா வயித்தை எக்கிக்கிட்டுத்தான் உள்ளே வரணும்.

“வீட்டைக் குடுக்கறப்போ கதவு இருக்குமில்ல?”

“இருக்கும் மாமா.”

“உள்பக்கம் தாழ்ப்பாள்?”

“இருக்கும்.”

“அப்போ போதும்மா. நாலு வருஷமா ஹால்ல படுத்திருக்கேன். ஒரு சட்டை மாத்தணும்னாகூட பாத்ரூம் காலியாகட்டும்னு காத்துக்கிட்டு நிக்கறேன்.”

குறையா சொல்லல. பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டா சொல்ற மாதிரி சொன்னார். எனக்கு ரொம்ப வெக்கமா இருந்துச்சு.

மேனேஜர் திரும்பி வந்து, சாருக்குப் பிடிச்சிருக்கான்னு பல்லைக் காட்டினார். இவருக்கு ஆறடிக் கட்டில் போடணும், கதவை வெளிப்பக்கமா திறக்கற மாதிரி மாட்டித் தாங்கன்னேன். ஒருத்தருக்காக பிளானை மாத்த முடியாதுன்னார். அப்போ இந்தக் கட்டிலோட லட்சணத்தை வர்றவங்க எல்லாருக்கும் சொல்லட்டுமான்னு கேட்டேன். மனுஷன் மூஞ்சி செத்துப்போச்சு. மாட்டிடலாம்மா, இதெல்லாம் ஒரு விஷயமான்னார்.

மாமா அட்வான்ஸ் குடுத்துக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. துப்பட்டாவால மூக்கைத் துடைச்சேன்.

“ஏம்மா அழறே? இனிமே ஹால்ல சோபா போட்டுக்கலாமே.”

சோபா போட நம்ம வீட்டுல இடமே இல்லேன்னு தினமும் அவர் காதுபடப் புலம்பினது நான்தான்.