அப்பாவின் மேல் மீன் சந்தை

1

இந்தக் கதை ஓர் ஈரல் சாண்ட்விச்சில் தொடங்கியது. இதைவிட உன்னதமான பிறப்பிடம் எதுவும் கிடைக்கவில்லை, தேடிப் பார்த்தேன்.

முதல் வரைவு: அலெக்சாந்திரியாவின் கடல் அன்று கறுப்பு வெள்ளையாக (வேண்டாம். அன்றும் பச்சையாகத்தான் இருந்தது.)

இரண்டாவது: கல்லூரி இருட்டறையில் ஷாஹிந்தா ஈர நெகட்டிவை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். பால்கனியில் முகம் மழிக்கும் அப்பா. அவர் மேலேயே அன்ஃபூஷி மீன் சந்தை. முப்பத்தாறு படத்திலும் இதே கதி. ஒரே ஃபிலிமில் இரண்டு முறை எடுத்திருக்கிறாள்.

இது பரவாயில்லை. வைத்துக்கொள்வோம்.

2

ஷாஹிந்தாவின் அப்பா ஃபிக்ரி டிராம் ஓட்டியவர். கேமராவைக் கண்டால் எழுந்து போய்விடுவார். இறப்பதற்குப் பத்து நாள் முன்பு என்னவோ இளகி, "நான் பாட்டுக்கு என் வேலையப் பாக்குறேன், நீ எடுத்துக்க" என்றார். மழித்தார், வெங்காயம் உரித்தார், செருப்புக்கு ஆணி அடித்தார். ஷாஹிந்தா எடுத்துத் தள்ளினாள்.

நாளை அவருக்கு நாற்பதாம் நாள். உறவெல்லாம் வரும். சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும்.

"அடையாள அட்டைப் படத்தையே பெருசு பண்ணிடு" என்றாள் இஜ்லால் அத்தை.

"அதுல டிராமைத் திருடினவர் மாதிரி இருக்கார் அத்தை."

"இருக்கட்டும்டி. ரெண்டு காதும் தெரியுதுல்ல?"

3

எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம். எடுத்து முடித்த ஃபிலிமின் நுனியை உருளைக்கு வெளியே விட்டு, மூலையை மடித்து வைக்க வேண்டும். மடிப்பு இல்லையென்றால் புதுசு.

அப்பாவின் ஃபிலிமை வாங்கிச் சுற்றி டப்பாவில் போட்டவன் ஹைஸம் என்ற நண்பன். (உயரமானவன், அடர்ந்த மீசை. எனக்கு இரண்டும் கிடையாது என்பதை வாசகர் கவனிக்கவும்.) அவனுடைய ஒரு கையில் சாண்ட்விச் இருந்த காரணத்தால் மூலையை

ஹைஸம் மூலையை மடித்தானா என்பது மேலும் ஆய்வுக்குரிய

மடிக்கவில்லை.*

ஒரு மாதம் கழித்து, புதுசென்று நம்பி, ஷாஹிந்தா அதையே போட்டுக்கொண்டு மீன் சந்தைக்குப் போனாள்.

* மீசையை இந்த இடத்தில் எடுத்துவிடுகிறேன். உயரத்தையும்.

4

"நான்தான் மடிக்க மறந்திருப்பேன்" என்றாள் ஷாஹிந்தா.

ஹைஸம் தரையில் எதையோ தேடினான்.

"எல்லாத்தையும் பிரிண்ட் போடறேன்."

"முப்பத்தாறுமா?"

"முப்பத்தாறும்தான். நிக்காத, தண்ணிய மாத்து."

இருபத்தொன்று வரை ஒன்றும் தேறவில்லை. மூக்கில் தராசு, நெற்றியில் நண்டு. இருபத்திரண்டாவது தாளில், மீன்காரர் கட்டியிருந்த கறுப்பு ஏப்ரனுக்குள் அப்பா தெளிவாக வந்தார். பாதிக் கன்னத்தில் சோப்பு நுரை, எதற்கோ சிரிப்பு. ஒரே ஒரு காது. தலைக்கு மேல் ஒரு கூடை மடவை மீன்.

"இதுதான்" என்றாள்.

வீட்டில் அத்தை படத்தை அருகே வைத்துப் பார்த்தாள், தள்ளிப் பிடித்தும் பார்த்தாள். "ஏண்டி, என் தம்பி எப்ப மீன் வித்தான்?"

"விக்கல அத்தை."

"வர்றவங்க கேட்டா?"

"கேக்கட்டும். நான் ஃபிலிம் மாத்திப் போட்ட லட்சணம்னு சொல்லிக்கிறேன். ஆனா மாட்டுறது இதைத்தான்."

5

முடிவு ஒன்று: அத்தை அழுதுகொண்டே ஆணி அடிக்கிறாள். (அத்தையைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.)

முடிவு இரண்டு: ஹைஸம் உண்மையைச் சொல்கிறான், ஷாஹிந்தா மன்னித்துவிடுகிறாள். (மன்னிப்பை நானே எழுதி நானே வாங்கிக்கொள்வதா? எனக்கே கொஞ்சம் ஓவராகத் தெரிகிறது.)

ஆகவே முடிவு எழுதவில்லை. நாளை வீடு நிறைய ஆட்கள் முன்னால் அவள் என் தவறைத் தன் தவறென்று சொல்லக் கூடாது. அதற்குள் இந்தத் தாள்களை அவள் கையில் கொடுத்தாக வேண்டும். இதோ கிளம்பிவிட்டேன்.

ஷாஹிந்தா, ஹைஸம் என்று ஒருவன் இல்லை, அது நான்தான். மீதி இடம் உன்னுடையது. திட்டுவதற்கு இந்த அரைப் பக்கம் போதாவிட்டால், பின்பக்கமும் காலிதான்.