மஞ்சள் மங்குஸ்தான்

"பழுக்கட்டும்னு சொல்றேன்ல! பழுத்து, ஒண்ணே ஒண்ணு பறிச்சு வாயில போட்டுட்டேன்னா, அப்புறம் உங்க அக்கா வீட்டுக்கென்ன, நிலாவுக்குக் கூப்பிட்டாலும் வர்றேன்!"

"பூக்கட்டும்னீங்க, பூத்துச்சு. பிஞ்சு நிக்கட்டும்னீங்க, நின்னுச்சு. இப்ப பழுக்கணுமாம். பழுத்தா விதை முளைக்கணும்பீங்க, முளைச்சா அதுக்குப் பேர் வெக்கணும்பீங்க!"

"எட்டு வருஷம் ஒரு மங்குஸ்தானை வளர்த்தவனுக்குத்தான் தெரியும் அந்த அருமை!"

"அது மங்குஸ்தானே இல்ல!"

துணி காயப்போடும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் தையல்காரம்மா, அந்தப் பக்கம் அவள் புருஷன். நடுவில் ஈரப் போர்வை ஒன்று தொங்கியதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் தெருக்கோடி வரை போயிற்று. தெருவில் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை. எதிர் வீட்டில் மிக்சியை நிறுத்தினார்கள், பக்கத்து வீட்டில் குழாயை மூடினார்கள், அவ்வளவுதான்.

போர்வைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது.

"அக்கா வீட்டுக்குப் போறதுக்காக என்னவெல்லாம் சொல்றா பாரு! நாளைக்கு நானே உன் புருஷன் இல்லைன்னு சொல்லுவே."

"சத்தியமாச் சொல்றேங்க. நீங்க வெச்சது செத்துப்போச்சு. நான் வேற வாங்கி வெச்சேன். நர்சரிக்காரரைக் கேளுங்க."

"யாரு, எலுமிச்சைன்னு சொல்லி எனக்கு வெறும் முள்ளுச்செடியை வித்தானே, அவனையா? அவன் சொல்லித்தான் என் மரம் என்னன்னு நான் தெரிஞ்சுக்கணுமா?"

செருப்பைத் தேய்த்துக்கொண்டு அவர் மாடிக்குப் போய்விட்டார். எட்டு வருஷமாகத் தொண்டையில் நின்ற ஒன்றை ஒருவழியாக வெளியே துப்பினால், அதை எடுத்துப் பார்க்கக்கூட ஆள் இல்லை. தையல்காரம்மா போர்வையின் ஓரத்தைப் பிழிந்துகொண்டே நின்றாள். அது ஏற்கனவே நன்றாகப் பிழிந்த போர்வை.

அவள் கேட்டது பெரிய காரியம் ஒன்றுமில்லை. மூன்று மணி நேர பஸ் தூரத்தில் அவளுடைய அக்கா தனியாக இருக்கிறாள். மாடிப் பகுதி காலி. "மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல பேங்க்ல வேலை பாக்கற ஒரு பையன் கேக்கறான், அவனுக்கு விட்டுடுவேன்" என்று போனில் சொல்லிவிட்டாள். சின்ன வயதில் ஒரே பாவாடையை மாற்றி மாற்றிக் கட்டிய இரண்டு பேரும் கடைசிக் காலத்தில் ஒரே வீட்டில் இருக்கலாம் என்பது அவர்களுக்குள் நெடுநாள் பேச்சு. மகனோ வேலைக்குப் போன ஊரிலேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து அம்மா சொல்வதும் சரி, அப்பா சொல்வதும் சரி என்பான். இந்த ஊரில் அவர்களைக் கட்டி வைத்திருந்தது பின்பக்கத்து மரம் ஒன்றுதான்.

புருஷன் ரிடையர் ஆகி நான்கு வருஷமானாலும் தெருவுக்கு அவர் இன்றும் 'மீட்டர்'தான். முப்பத்தாறு வருஷம் வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் பார்த்தவர். மீட்டரைப் பார்த்த கண்ணோடு அந்தந்த வீட்டுத் தோட்டத்தையும் பார்த்து, ஒரு கொட்டை, ஒரு பதியன், ஒரு கிளை என்று கேட்டு வாங்கி வந்து சேர்த்ததுதான் மொத்தச் சேகரிப்பும். மாடியில் நீல டிரம்களில் லிச்சி, லாங்கன், முட்டைப்பழம், முள்சீத்தா, இரண்டு ரம்புட்டான். ஒவ்வொன்றின் கழுத்திலும் தகரத்தில் ஆணியால் கீறிய பெயர். மனைவியின் பிறந்தநாள் மறந்துபோகும், ரம்புட்டான் நட்ட தேதி மறக்காது.

அந்த மங்குஸ்தான் நாற்றை ஒரு பஸ் டிரைவர் எங்கிருந்தோ மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். நான்கே இலை. நட்ட மூன்றாம் மாதம் மீட்டரை வெளியூர்ப் பயிற்சிக்கு இருபது நாள் அனுப்பிவிட்டார்கள். "ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணி. மறந்துடாதே" என்று ஏழு தடவை சொல்லிவிட்டுப் போனார். அவள் மறக்கவில்லை. அதுதான் வினை. ஒரு பள்ளிக்கூடத்து யூனிபார்ம் வேலை வந்திருந்தது. புதுத் துணியின் சாயம் போகாமலிருக்க உப்புப் போட்டு ஊறவைப்பது அவள் வழக்கம். ஊறவைத்த தண்ணீரை வீணாக்குவானேன் என்று, பக்கெட் பக்கெட்டாக நாற்றுக்கு ஊற்றினாள். ஐந்தாம் நாள் இலை நுனி கருகிற்று. பத்தாம் நாள் குச்சியும் ஓர் இலையும்தான் மிச்சம்.

தையல்காரிக்கு ஒன்று தெரியும். கிழிந்த இடத்துக்கு அதே நிறத் துணி கிடைத்துவிட்டால், கிழிந்ததே தெரியாமல் செய்துவிடலாம். கருகாத அந்த இலையை, நூல்கண்டு வாங்கப் போகிறவள் துணித்துண்டை எடுத்துப் போவதுபோல, கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு நர்சரிக்குப் போனாள். ஒவ்வொரு தொட்டியாக இலையை வைத்து வைத்துப் பார்த்தாள். தடிமன், பளபளப்பு, நடு நரம்பு எல்லாம் பொருந்தியது ஒரே ஒரு செடிக்கு.

நர்சரிக்காரர் நல்லவர், உண்மையைச் சொன்னார். "இது மங்குஸ்தான் இல்லம்மா. அதுக்குச் சித்தப்பா மகன் மாதிரி. பழம் மஞ்சளா அழகா இருக்கும். வாயில வெச்சா ஏழு தலைமுறைக்குப் புளிக்கும்."

"காய்க்க எத்தனை வருஷம் ஆகும்?"

"அது ஆகும், ஏழெட்டு."

ஏழெட்டு வருஷத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைப்பதைவிட அது எவ்வளவோ சுலபமாக இருந்தது.

மீட்டர் திரும்பி வந்தவர், தோள்பையைக்கூட இறக்காமல் நேரே பின்பக்கம் போனார். "அட, ரெண்டு இலை கூட விட்டிருக்கே! என்னைவிட உனக்குத்தான் கைராசி" என்றார். முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவளுடைய கையை அவர் புகழ்ந்தது அன்றுதான். அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டவளுக்கு உண்மையைத் திருப்பிக் கொடுக்க வாய் வரவில்லை.

மரம் வளர்ந்த வேகம் இருக்கிறதே! மங்குஸ்தான் ஆமை மாதிரி வளரும் என்று புத்தகம் சொல்ல, இவர் வீட்டு மரம் மூன்றாம் வருஷமே மதிலை எட்டிப் பார்த்தது. வீட்டுப் பழமர வளர்ப்போர் சங்கம் என்று ஊரில் ஒன்று உண்டு. ஏழு பேர், எட்டுக் கருத்து. தலைவர் பல் டாக்டர். அவர்கள் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து "என்ன சார் ரகசியம்?" என்று கேட்டார்கள். மீட்டர் மீன் கழுவிய தண்ணீர் என்றார், சாம்பல் என்றார், கடைசியில் அரை மணி நேரம் சொற்பொழிவே ஆற்றினார். தையல்காரம்மா தட்டில் தண்ணீர் டம்ளர்களோடு நின்று எல்லாவற்றையும் கேட்டாள். ரகசியம் அவள்தான்.

இதற்கு நடுவில் அவளும் அந்த மரத்தோடு ஒட்டிப்போனாள் என்பதையும் சொல்ல வேண்டும். தையல் மிஷினை ஜன்னலோரம் திருப்பிப் போட்டு, அதைப் பார்த்துக்கொண்டேதான் தைப்பாள். வேறொன்றின் பெயரில் வாழ்கிறது பாவம், அதுவா கேட்டது என்று தோன்றும்.

போர்வைச் சண்டை நடந்து இரண்டு வாரத்தில் காய்கள் நிறம் மாறின. கருஞ்சிவப்பாக மாறும் என்று காத்திருந்தவர் முன்னால் கூசாமல் மஞ்சளாயின. காலையில் மரத்தடியில் மீட்டர் நின்ற நிலையைப் பார்த்து அவள், 'இதோ, இப்போது கேட்கப்போகிறார்' என்று நினைத்தாள். அவர் திரும்பினார். கண் இரண்டும் பல்பு மாதிரி எரிந்தன.

"மஞ்சள் மங்குஸ்தான்! தெரியுமா உனக்கு? லட்சத்துல ஒண்ணு இப்படி மாறுமாம். சங்கத்துக்குச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு எல்லாரும் வர்றாங்க. அவங்க முன்னாடிதான் முதல் பழம் வெட்டணும். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது."

"அப்ப அக்கா வீடு?"

"இனிமே எப்படி நகர்றது? ஆளுக்கு ஆள் கன்று கேப்பாங்க. இந்த மரத்தை விட்டுட்டு வர முடியுமா?"

ஆக, கணக்கு சுலபமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பழத்தைக் கடித்து ஏழு பேரும் முகத்தைச் சுளித்தால் அவள் ஜெயித்தாள், அக்கா வீடு. இனிப்பு என்றால், ஆயுசுக்கும் இதே ஜன்னல். எது நடக்கும் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சும்மா இருந்தால் போதும்.

ஞாயிறு காலை சும்மா இருக்க முடியவில்லை. கீழே விழுந்திருந்த ஒரு பழத்தை எடுத்து நக்கிப் பார்த்தாள். நர்சரிக்காரர் குறைத்துத்தான் சொல்லியிருந்தார். ஜன்னல் வழியே பார்த்தால், மீட்டர் மகன் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்து, மரம் சரியாகத் தெரிகிறதா என்று நகர்த்தி நகர்த்திப் போட்டார். அவருடைய காலர் பின்பக்கம் மடங்கியிருந்தது.

அவள் மாடிக்குப் போனாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், வேறு யார் கண்ணிலும் படாதபடி மீட்டர் ஒளித்து வளர்த்த தொட்டி ஒன்று இருந்தது. பெயர் கீறிய தகரம்கூடக் கட்டவில்லை, தெரிந்தால் சங்கத்தார் விதை கேட்பார்கள். சுண்டுவிரல் நுனி அளவு சிவப்புப் பழம். அதை மென்று நாக்கில் தடவிக்கொண்டால், பிறகு ஒரு மணி நேரத்துக்குப் புளிப்பெல்லாம் இனிப்பாகத் தெரியும். போன கோடையில் அதைத் தின்னவைத்துவிட்டு அவளுக்கு முழு எலுமிச்சையைக் கொடுத்தார். தேன் மாதிரி இருந்தது. இரண்டு பேரும் தோலைக்கூட விடாமல் தின்றுவிட்டுச் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். எட்டுப் பழம் பழுத்திருந்தது. எட்டையும் பறித்தாள்.

சங்கம் வந்தது. மீட்டர் பல் டாக்டரைக் கூட்டிக்கொண்டு மரத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கும்போது, மற்றவர்களிடம் தட்டை நீட்டினாள். "முதல்ல இதைச் சாப்பிடுங்க. மாடியில காய்ச்சது. நாக்குல நல்லா உருட்டிட்டுக் கொட்டையத் துப்பிடுங்க." பல் டாக்டர் தாமாக வந்து ஒன்றை வாயில் போட்டார். "என்னம்மா இது, ருசியே இல்லையே." "வாய் சுத்தமாகறதுக்கு டாக்டர்." வாய் சுத்தம் என்றதும் அவர் மேற்கொண்டு பேசவில்லை.

பிறகு மஞ்சள் பழத் துண்டுகள் வந்தன.

"ஆகா!" என்றார் ஒருவர். "தேனு சார், தேனு!" என்றார் இன்னொருவர். பல் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். "நாப்பது வருஷமா ஊர் நாக்கையெல்லாம் பாத்தவன் சொல்றேன். இப்படி ஒரு இனிப்பை எந்த நாக்கும் பாத்திருக்காது."

மீட்டர் பூரித்துப்போய்த் தட்டின் பக்கம் திரும்பினார். ஓரத்தில் துப்பியிருந்த ஏழு குட்டிக் கொட்டைகள் கண்ணில் பட்டன. அவற்றின் பக்கத்தில் கடைசிச் சிவப்புப் பழம், அவருக்காக. ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியாதா? அதைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். புளிக்கும் என்று நிச்சயமாகத் தெரிந்தவள்தானே இதைப் பறிப்பாள். போர்வைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல் முழுவதும் அப்போதுதான் அவர் காதில் விழுந்தது.

சிவப்புப் பழத்தை விரலால் ஒதுக்கினார். மஞ்சள் துண்டை எடுத்து வாயில் போட்டு, மென்று, விழுங்கினார்.

"எப்படி சார்?"

"நல்லா இருக்கு" என்றார். கண்ணில் தண்ணீர் கொட்டிற்று.

"பாவம், எட்டு வருஷ உழைப்பு" என்று பல் டாக்டர் அவர் தோளைத் தட்டினார். மரத்துப் பழங்களையெல்லாம் பறித்து, விதைகளை ஆளுக்கு ஐம்பதாகக் காகிதத்தில் மடித்துக்கொண்டு சங்கம் கலைந்தது.

மீட்டர் சமையலறை வாசலில் வந்து நின்றார். அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எப்படிச் செத்துச்சு? துணி ஊறவெச்ச உப்புத் தண்ணியா?"

"ஆமா. சாயத்துக்குப் போட்டது."

"இலை நுனியிலேருந்து கருகுச்சா, காம்புலேருந்தா?"

"நுனியிலேருந்து."

"உப்புதான்" என்று தலையாட்டினார். பிறகு, "வந்த அன்னிக்கே சொல்லியிருக்கலாம்" என்றார்.

"கைராசின்னு சொல்லிட்டீங்களே."

"இன்னிக்கு விட்டிருந்தா நீ ஜெயிச்சிருப்பே. ஏன் அதைப் பறிச்சே?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "உங்க காலர் மடங்கியிருந்துச்சு" என்றாள். வேறு காரணம் ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை.

மீட்டர் பின்கழுத்தைத் தடவிக் காலரைச் சரிசெய்தார். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். ஜன்னல் வழியே மரத்தைப் பார்த்தார், முதல்முறை பார்க்கிறவர் மாதிரி.

"உங்க அக்கா வீட்டு மாடியில வெயில் எந்தப் பக்கம் விழும்?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் அவர்கள் கிளம்பினார்கள். தையல் மிஷின் ஒரு நடை, நீல டிரம்கள் இரண்டு நடை. சிவப்புப் பழத் தொட்டியை மட்டும் அவள் மடியில் வைத்துக்கொண்டு போனாள். அக்கா வீட்டில் நாலே இலையோடு ஒரு நிஜ மங்குஸ்தான் நட்டிருக்கிறார்களாம். யார் தண்ணீர் ஊற்றுவது என்று தினமும் மூன்று பேருக்கும் சண்டையாம். மாடி கிடைக்காத பேங்க் பையன் வேறெங்கோ வீடு பார்த்து, அந்த வீட்டுக்காரர் பெண்ணையே கட்டிக்கொண்டான் என்றும் கேள்வி.

இந்த வருஷம் பல் டாக்டரின் மகனுக்கும் நர்சரிக்காரரின் மகளுக்கும் கல்யாணம். வந்தவர்களுக்கெல்லாம், சங்கத்தார் அந்த விதையில் வளர்த்த மஞ்சள் மங்குஸ்தான் கன்று ஆளுக்கொன்று கொடுத்து அனுப்பினார்கள். நர்சரிக்காரர் இலையைப் பார்த்த மாத்திரத்தில் சித்தப்பா மகனை அடையாளம் கண்டுகொண்டார். சம்பந்தி முகத்தைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். முந்நூறு கன்று. எல்லாம் வெகு வேகமாக வளர்கின்றன.